பேசுவேன் என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன்

"நடத்தை: திருப்திகரமாக இல்லை. பாடங்களில் நாட்டமற்றவர். சேர்க்கை சரியில்லாதவர். உடன் பயிலும் மாணவியரின் முன்னேற்றத்துக்கு இடையூறாக இருந்தவர்."

பள்ளியை விட்டுக் கிளம்பும்போது இப்படி ஒரு சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தவள், இன்று கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து கண் பார்க்கிறாள். வருகிறவர் மூக்கின் மேல் கனத்த இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டி, அதில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, எதிர்ச் சுவரில் தெரியும் எழுத்துகளைப் படிக்கச் சொல்ல வேண்டும். அதாவது, காலை முதல் மாலை வரை கேள்வி கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள்.

"இதுல தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதுல தெளிவா இருந்துச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணா இருக்காது சார். நான் மாத்தியிருக்கேனே."

"சரி, அப்ப இதுன்னே வச்சுக்கோ."

"நான் எதுக்கு வச்சுக்கணும்? உங்க கண்ணு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"கண்ணு டெஸ்ட்டுன்னு சொல்லித்தானே உள்ள அனுப்பினாங்க? விசாரணைக் கமிஷன்னு சொல்லலியே!"

முணுமுணுத்துக்கொண்டே போகிறவர்கள்தான் அடுத்த கண்ணாடிக்கும் அவளிடமே வருகிறார்கள். இது மனித இயல்பு. நாம் விளக்க முயல வேண்டாம்.

பள்ளியில் அவளுக்கு டவுட்டு என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். தாய் சலவைக்கூடத்தில் மருத்துவமனைப் போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிறவர். தகப்பன் லாரியோடு போனவர், லாரி திரும்பி வந்துவிட்டது. மதிப்பெண்கள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் எந்த அவசரமும் இல்லாமல் குடியிருந்தன. இப்படிப்பட்டவளை ஆசிரியர்கள் மறந்துவிடுவதுதான் வழக்கம். அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. "சார், ஒரு டவுட்டு" என்று எழுந்துவிடுவாள். எழுந்தால் உட்கார நேரமாகும்.

அந்த வகுப்பில் முதல் மாணவிக்குச் சென்டம் என்று பெயர். கணக்கில் நூற்றுக்கு நூறைத் தவிர வேறு எதையும் அவள் வாங்கியதில்லை. சென்டத்தின் தந்தை மருந்துக் கடை வைத்திருந்தார். நல்ல சேர்க்கை மதிப்பெண்ணைக் கூட்டும், கெட்ட சேர்க்கை குறைக்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் ஒரு தவறும் இல்லை. இந்தக் கதை முழுக்க அவர் சொன்னது சரி என்பதற்குத்தான் சாட்சி. எது நல்லது, எது கெட்டது என்பதில் மட்டும் சீட்டு மாறிப்போயிற்று.

இருவரும் சிநேகிதமானது ஒன்பதாம் வகுப்பில், மைனஸால். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று கணக்கு வாத்தியார் பலகையில் எழுதினார். டவுட்டு எழுந்து ஏன் என்று கேட்டாள். "அது ரூல்மா, எழுதிக்கோ" என்றார் வாத்தியார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

மதியம் தண்ணீர்க் குழாயடியில் டவுட்டு சென்டத்தைப் பிடித்தாள்.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியுமே. பிளஸ்தான்."

"ஏன்?"

சென்டம் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நூறு வாங்கிய வாய்க்கு அது புதிய அனுபவம். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே வந்து காத்திருந்து டவுட்டின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மைனஸ் ரெண்டை முதல்ல ரெண்டால பெருக்கு. மைனஸ் நாலு. அப்புறம் ஒண்ணால. மைனஸ் ரெண்டு. அப்புறம் சீரோவால. சீரோ. பாத்தியா, படிக்குப் படி ரெண்டு ரெண்டா மேல ஏறுது. அடுத்த படி மைனஸ் ஒண்ணு. அங்க மட்டும் ஏன் இறங்கணும்? அதுவும் ஏறும். பிளஸ் ரெண்டு!"

"அட, இதை நேத்தே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நேத்து எனக்கே தெரியாதுடி!"

அன்று முதல் ஒரு ஆட்டம் தொடங்கியது. ஒருத்தி புத்தகத்தை மூடிவிட்டுப் பாடத்தைச் சொல்ல வேண்டும். மற்றவள் வரிக்கு வரி ஏன் என்று கேட்பாள். சொல்கிறவள் எங்கே சிக்கிக்கொள்கிறாளோ அங்கே ஆட்டம் முடிந்தது. சிக்கியவள் அன்று மாலை இருவர் பையையும் சுமந்துகொண்டு சந்து முனைவரை வர வேண்டும். புரியவில்லை என்று சொல்கிறவளுக்குத் தண்டனை கிடையாது. ஆக, தெரிந்தவள் மட்டுமே தோற்கக்கூடிய ஆட்டம் அது. தெரியாதவளுக்கு எப்போதும் கை வீசிய நடைதான். சென்டம் வாரத்தில் பாதி நாள் இரண்டு பை சுமந்தாள். அந்த வருடம் கணக்கில் மட்டுமல்ல, அறிவியலிலும் நூறு வாங்கினாள். டவுட்டின் மதிப்பெண்களும் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டு அறுபதுகளுக்குக் குடிபோயின.

பத்தாம் வகுப்பு தொடங்கிய புதிதில் மருந்துக் கடைக்காரர் ஸ்கூட்டரில் போகும்போது ஒரு காட்சியைக் கண்டார். முதல் மாணவியாகிய தன் மகள் முதுகில் ஒரு பை, வயிற்றுப் பக்கம் ஒரு பை என்று வியர்த்து வழிந்து நடக்கிறாள். பக்கத்தில் ஒருத்தி வெறுங்கையோடு, வாய் ஓயாமல் வருகிறாள். வீட்டில் கேட்டபோது மகள் உண்மையைச் சொன்னாள்.

"நான்தாம்பா தோத்துட்டேன். தோத்தா தூக்கணும்."

உண்மை இந்த அளவுக்குக் கெடுதல் செய்யும் என்று அவள் நினைக்கவில்லை. தோற்பது, தூக்குவது என்றால் பந்தயம். பந்தயம் என்றால் சூது. பள்ளிக்கூடத்திலேயே மகளை ஒருத்தி மிரட்டிச் சுமைகூலி ஆக்கியிருக்கிறாள். மறுநாள் காலை அவர் தலைமை ஆசிரியையின் அறையில் இருந்தார்.

தலைமை ஆசிரியை நல்லவர். பள்ளிக்காகத் தன் சொந்தக் காசில் மின்விசிறி வாங்கிப் போட்டவர், வருடா வருடம் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டியவர். அவர் செய்ததும் நல்லெண்ணத்தோடுதான். வகுப்பையே மதிப்பெண் வரிசைப்படி உட்கார வைத்தார். அதிகம் வாங்கியவர்கள் முன்னால், குறைந்தவர்கள் பின்னால். சென்டம் முதல் பெஞ்சு. டவுட்டின் அறுபதுகள் நடு வரிசைக்குப் போதுமானவை; ஆனால் அவளுக்குத் தனிக் கவனிப்பாகக் கடைசிப் பெஞ்சு ஒதுக்கப்பட்டது. நோயாளியைத் தனியே வைப்பது போல.

கடைசிப் பெஞ்சில் ஏற்கனவே இருவர் இருந்தார்கள். ஒருத்தி குறட்டை. காலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்டுவிட்டு வருவதால் இரண்டாவது பாடவேளைக்குள் தூங்கிவிடுவாள். அண்ணன் எலெக்ட்ரீசியன். இன்னொருத்தி அழுமூஞ்சி. கணக்குத் தாளைக் கண்டதும் கண் நிறைந்துவிடும். கேள்வியே தெரியாது, விடை எங்கே தெரியப்போகிறது.

டவுட்டுக்கு முதல் வாரம் மூச்சு முட்டியது. பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பிறகு பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பினாள்.

"குறட்டை, ஒரு பல்பு ஃபியூஸ் போனா சீரியல் செட்டு மொத்தமும் ஏன் அணையுது? வீட்ல அப்படி அணைய மாட்டேங்குதே?"

"சீரியல் செட்டு ஒரே ஒயருடி. ஒருத்தன் படுத்தா ரோடே அடைஞ்சுடும். வீட்டுக்கு எங்கண்ணன் தனித்தனியா லைன் இழுத்திருப்பான்." குறட்டை கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"இதான் அந்தப் பாடம். சீரிஸ், பேரலல்."

குறட்டை கண்ணைத் திறந்தாள். "இதுவா? இதையா அந்த மிஸ் ஒரு வாரமா நடத்துனாங்க?"

அழுமூஞ்சிக்கு எண்கள்தான் ஆகாது. வரலாற்றை அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி சொல்லுவாள். எந்த அரசன் எவனோடு ஏன் முறைத்துக்கொண்டான், பெண் கொடுத்தும் ஏன் சமாதானம் ஆகவில்லை என்பதெல்லாம் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. பைகள் மறுபடி கைமாறத் தொடங்கின. இந்த முறை மூன்று பைகள்.

முதல் பெஞ்சில் சென்டம் கீழ்ப்படிதலோடு இருந்தாள். டவுட்டு தினமும் வாசலில் "என்ன சென்டம், சாப்டியா?" என்பாள். சென்டம் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். வீட்டில் தனியறை, புதிய மேசை விளக்கு, இரண்டு டியூஷன். சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சுவர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் கடைசிப் பெஞ்சு எல்லாப் பாடத்திலும் தேறியது. கணக்கில் சென்டம் எண்பத்தொன்று.

இரண்டு செய்தியும் ஒரே நாளில், ஒரே மேசைக்கு வந்தன. தலைமை ஆசிரியை முதல் செய்தியை, பெஞ்சு மாற்றியதன் பலன் என்று எடுத்துக்கொண்டார். இரண்டாவதை, பெஞ்சு மாற்றியும் போதவில்லை என்று எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று தினமும் பேச்சுக் கொடுக்கிறாளே, அதை வெட்டினால்தான் சரிப்படும். அலுவலக அறையில் ஒரு தாள் தயாராயிற்று. இன்னாரோடு இனிப் பேச மாட்டேன், பழக மாட்டேன் என்று மாணவியும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து வந்தால்தான் பொதுத் தேர்வுக்கு ஹால் டிக்கெட்.

ஹால் டிக்கெட் இல்லையென்றால் தேர்வு இல்லை. தேர்வு இல்லையென்றால் என்ன என்பதும் டவுட்டுக்குத் தெரியும். சலவைக்கூடத்தில் அம்மாவின் பக்கத்து இஸ்திரி மேசை காலியாக இருந்தது. பெண் எப்போது வருவாள் என்று மேற்பார்வையாளர் இரண்டு தரம் விசாரித்துவிட்டார்.

அம்மா வேலைக்கு நடுவே, சேலையில் கஞ்சி வாடையோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தலைமை ஆசிரியை தாளை நகர்த்தினார்.

"உங்க பொண்ணு ரொம்பப் பேசறாம்மா. எதுக்கெடுத்தாலும் ஏன், ஏன்."

"வீட்லயும் அதேதான் மேடம். எங்களுக்குப் பழகிடுச்சு."

"அதனால இன்னொரு பொண்ணோட படிப்பு கெடுது. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது."

அம்மா தாளைத் தொடவில்லை. "மேடம், இவ மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. ஊமைன்னே சொல்லிட்டாங்க. நான் ஏறாத ஆஸ்பத்திரி இல்ல. இப்ப என்னயவே இவ பேச மாட்டான்னு எழுதித் தரச் சொல்றீங்க. நல்ல கதையா இருக்கே!"

தலைமை ஆசிரியை மகள் பக்கம் திரும்பினார். "நீயாவது புரிஞ்சுக்கோ. ஒரே ஒரு கையெழுத்து. உன் நல்லதுக்குத்தான்."

"பேச மாட்டேன்னு எழுதித் தர முடியாது மேடம்," என்றாள் டவுட்டு. "பேசுவேன்னு வேணா எழுதித் தர்றேன்."

"என்ன திமிரு இது?"

"திமிரு இல்ல மேடம். பொய்க் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு நீங்கதான் பிரேயர்ல சொன்னீங்க. இதுல போட்டா வாசலுக்குப் போறதுக்குள்ள பொய்யாயிடும்."

"அப்ப ஹால் டிக்கெட் இல்ல. வெளிய உக்காரு. எப்ப மனசு மாறுதோ அப்ப உள்ள வா."

அலுவலகத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில் பெற்றோர் காத்திருப்பதற்காக ஒரு நீளப் பெஞ்சு உண்டு. மறுநாளிலிருந்து டவுட்டு அதில் உட்கார்ந்தாள். இடைவேளையில் குறட்டை வந்தாள். "அங்க தூக்கம் வருதுடி, கேக்க ஆளில்ல" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுமூஞ்சியும் வந்தாள். தண்டனைப் பெஞ்சில் பாடம் உரக்க நடந்தது. தலைமை ஆசிரியை ஜன்னலைச் சாத்தினார். புழுக்கம் தாங்காமல் மறுபடி திறந்தார்.

படிப்பு விடுமுறைக்கு முந்தைய நாள் எல்லோருக்கும் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். சென்டம் தன்னுடையதை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தில் வந்தாள். டிக்கெட் வாங்கியதற்காக அவள் தந்தை உள்ளே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். டவுட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன சென்டம், போட்டோல திருட்டு முழி முழிக்கற?"

சென்டத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை மாதக் கீழ்ப்படிதலும் அதில் போயிற்று. மெல்ல வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"டவுட்டு, என்னை ஏதாவது கேளேன்."

"எதுல?"

"எதுலயாவது கேளு. யாருமே கேக்க மாட்டேங்கறாங்கடி."

டவுட்டு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "a பிளஸ் b ஹோல் ஸ்கொயர். a ஸ்கொயர் சரி, b ஸ்கொயர் சரி. நடுவுல 2ab-ன்னு ஒண்ணு வந்து உக்காந்திருக்கே, அதை யாரு கூப்பிட்டா?"

சென்டம் தரையில் இறங்கி, தூசியில் விரலால் ஒரு சதுரம் போட்டாள். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. "இந்தப் பெரிய கட்டம் a ஸ்கொயர். மூலைல இருக்கற குட்டிக் கட்டம் b ஸ்கொயர். மிச்சம் பக்கத்துல ஒரு பட்டை, கீழ ஒரு பட்டை. ஒவ்வொண்ணும் ab. அதான் ரெண்டு."

பெஞ்சிலிருந்த அழுமூஞ்சி தரையைப் பார்த்தாள். கண் நிறையவில்லை. "அவ்வளவுதானா?"

"சரி," என்றாள் டவுட்டு. "a மைனஸ் b-ன்னா மொத்தச் சதுரமே a ஸ்கொயர், அதுலேருந்து ரெண்டு பட்டையையும் வெட்டிடறோம். அப்ப b ஸ்கொயரும் போயிருக்கணுமே. அது மட்டும் ஏன் பிளஸ்ல நிக்குது?"

சென்டம் சதுரத்தையே பார்த்தாள். அழித்தாள், போட்டாள். நேரம் போயிற்று.

"தோத்துட்டேன்," என்று எழுந்து, தன் பையை முதுகில் மாட்டி, டவுட்டின் பையை எடுத்து முன்னால் மாட்டினாள். அந்த நேரம் பார்த்து அவள் தந்தை வெளியே வந்தார்.

"ஏய்! என் கண்ணு முன்னாடியே என் பொண்ணைச் சுமக்க வைக்கறியா? இவ மார்க்கு குறைஞ்சதே உன்னாலதான்!"

டவுட்டு எழுந்து நின்றாள். "எப்ப குறைஞ்சுது அங்கிள்? எங்கூட இருந்தப்பவா, பிரிச்சப்புறமா?"

"வாய்க்கு வாய் பேசாதே."

"ஒரே ஒரு டவுட்டு அங்கிள். மருந்தை நிறுத்தின பிறகு காய்ச்சல் வந்தா, உங்க கடைல மருந்தாலதான் வந்துச்சுன்னு சொல்லுவீங்களா?"

மருந்துக் கடைக்காரர் மகளைக் கூப்பிடத் திரும்பினார். அதற்குள் தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. இரண்டு பையோடு பாதி தூரம் போயிருந்த சென்டம் அங்கேயே நின்று கத்தினாள்.

"மூலைடி! அந்த மூலையை ரெண்டு தடவை வெட்டிட்டோம்! ரெண்டு பட்டையும் அதுல ஏறித்தானே போகுது! அதான் ஒரு தடவை திருப்பிக் குடுக்கறோம்! பிளஸ்!"

"அப்படின்னா பையைக் கீழ வை, நீ தோக்கல!" என்று கத்தினாள் டவுட்டு.

"வைக்க மாட்டேன் போடி! லேட்டா சொன்னாலும் தோல்விதான்!"

பல மாதங்களாகச் சென்டத்தின் வீட்டில் யாரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை. மருந்துக் கடைக்காரர் ஸ்கூட்டர் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார்.

தலைமை ஆசிரியை ஜன்னல் வழியே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நட்பைப் பற்றி அவருக்கு அன்று ஏதாவது புரிந்ததா என்று சொல்ல முடியாது. பிரித்த பிறகு வந்த எண்பத்தொன்று என்ற எண் அவருக்கு நன்றாகப் புரியும். வெளியே வந்து டவுட்டின் ஹால் டிக்கெட்டை அவளிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கோ."

டவுட்டு கையை நீட்டவில்லை. "எதுல மேடம்?"

தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். "ஹால் டிக்கெட்லதான். எதுல போடறதா நினைச்சே?"

"அதுல போடறேன் மேடம்."

ஆனால் ஒரு தலைமை ஆசிரியை ஒரேயடியாகத் தோற்றுப்போக முடியாது, பதவிக்கு அழகல்ல. அதனால்தான் தேர்வு முடிந்தபின் சான்றிதழில் அந்த வரிகள் வந்தன. டவுட்டு அதைப் படித்துப் பார்த்துவிட்டு, மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும் இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை கேட்டுப் போனபோது முதலாளி அதை இரண்டு முறை படித்தார்.

"என்னம்மா இது? கூடப் படிச்சவங்களைக் கெடுத்தியாமே?"

"ஆமா சார்."

"என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"பாஸாயிட்டாங்க சார்."

அவள் செய்தது இதுதான். சிநேகிதியோடு பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட மறுத்தாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பேரை ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவர்களோடு போய்த் தேர்வு எழுதி, அறுபத்தெட்டு சதவீதம் வாங்கினாள்.